காளீஸ்வரிக்கு ஒதுக்கப்பட்ட மேகம்

ஆதரவற்ற விதவைகளுக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் மாதாமாதம் வரும் உதவித்தொகைக்கு மேல் கூடுதலாகவும் கொஞ்சம் தரப்போவதாக அரசாங்கம் அறிவித்து, அறிவித்ததற்கு நன்றி சொல்லி நாலாங்கரிசல் பஸ் ஸ்டாண்டில் தட்டி வைத்து, அந்தத் தட்டி வெயிலில் வெளுத்து, வெளுத்த தட்டியை யாரோ கழற்றிக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை போட்ட பிறகும் பணம் வந்தபாடில்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு திங்கட்கிழமை காலையில், தாலுகா ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குச் சரியாக, பண்டகசாலைத் தெருவில் காளீஸ்வரியின் ஓட்டு வீட்டுக்கு மேலே ஒரு மேகம் வந்து நின்றது.

பெரிய மேகமெல்லாம் இல்லை. இரண்டு கட்டில் விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தால் வருகிற அகலம், பல தடவை துவைத்த வேட்டியின் நிறம், கைக்கு எட்டாத ஆனால் கம்பால் குத்தினால் எட்டக்கூடிய உயரம். வந்தது, கொஞ்ச நேரம் வீட்டைச் சரிபார்ப்பதுபோல நின்றது, பிறகு பெய்ய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியின் ஓட்டில் ஒரு சொட்டு விழவில்லை. எதிர்வீட்டு வாசலில் காயப் போட்டிருந்த மிளகாய் வற்றல் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் புறப்பட்டுத் தூக்குச்சட்டியோடு வாசலுக்கு வந்த காளீஸ்வரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முப்பத்தொரு வயது அவளுக்கு. தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன புருஷன் நாக்பூருக்குப் பக்கத்தில் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவன் பிறகு நிமிரவே இல்லை என்று போன் வந்து நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளும் எட்டு வயது மகள் நிவேதாவும்தான் அந்த வீட்டில்.

"அம்மா, நமக்கு மட்டும் பெய்யுது," என்றாள் நிவேதா.

ஆதிலட்சுமி மதில்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். "வந்துருச்சா காளி? செத்துப்போன எங்க கொழுந்தன் பொண்டாட்டிக்கும் சேத்துத்தான் எழுதிக் குடுத்தோம். அவளுக்கு ஒண்ணையும் காணோம்," என்றாள், ரேஷன் கடையில் சீனி வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்.

காளீஸ்வரி ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனாள். வி.ஏ.ஓ. தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "நிதியில பணம் இல்லையாம்மா. இருக்கிற ஒதுக்கீட்ட வச்சு ஏதோ அனுப்பியிருக்காங்க. வேற ஊருல ஒரு அம்மாவுக்கு வேப்பமரக் காத்து மட்டும் வருதாம். வந்தத வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க, அப்புறம் திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம்."

அந்த வருஷம் நாலாங்கரிசலில் மழை பொய்த்த மூன்றாவது வருஷம். கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, நகராட்சிக் குழாயைத் திறந்தால் காற்று இருமிவிட்டுப் போனது, ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கிணற்றிலிருந்து கனிராஜ் ஓட்டிவருகிற தண்ணி லாரிதான் தெருவுக்குக் கதி. லாரி வந்தால் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். முதல் குடம் காளீஸ்வரியின் குடமாக இருந்தால் அன்றைய தண்ணீர் விளங்காது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் முன்னால் வந்து நின்றால் வரிசை எப்படியோ நெளிந்து வளைந்து அவளைக் கடைசியில் கொண்டுபோய் விட்டுவிடும், அவள் முறை வருவதற்குள் லாரியின் வயிறு காலியாகிவிடும். அதனால் கனிராஜ் ஒரு குடத்தை முன்கூட்டியே நிரப்பி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் முழங்காலால் முட்டுக்கொடுத்து, கரட்டு ரோட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து, கூட்டம் கலைந்த பிறகு எதுவும் பேசாமல் அவள் படியில் இறக்கி வைத்துவிட்டுப் போவான். நாற்பதை நெருங்கிய, கல்யாணமாகாத, சட்டையில் எப்போதும் ஈரத்திட்டு உள்ள மனிதன்.

மேகம் வந்த பிறகு எல்லாம் தலைகீழாகப் போனது. முதல் வாரம் ஜனங்கள் கூச்சத்தோடு வந்தார்கள், இரண்டாவது வாரம் குடத்தோடு வந்தார்கள், அதற்குப் பிறகு விடிவதற்கு முன்பே அவள் வீட்டு இறவாரத்தின் கீழே செங்கலும் செருப்பும் உடைந்த பக்கெட்டும் வரிசையில் இடம் பிடித்துக் கிடந்தன. காளீஸ்வரி யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் நிவேதாவுக்கும் தேவைப்பட்டது எவ்வளவு? மீதியை என்ன செய்வது, ஓட்டில் ஊற விடுவதா?

மேகத்தின் குணத்தையும் தெரு சீக்கிரமே படித்துக்கொண்டது. காலை பத்து மணிக்குப் பெய்ய ஆரம்பிக்கும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றுவிடும், திரும்ப ஆரம்பிப்பதில் கொஞ்சம் சுணக்கம் காட்டும், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எந்த நிமிஷத்திலும் கிளம்பிவிடுவதுபோலத் தூறிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மேகமும் கருத்து நின்றதே தவிரப் பெய்யவில்லை. இடைத்தேர்தல் அறிவித்தபோது, நடத்தை விதி அமலில் இருக்கிறது என்று வி.ஏ.ஓ. வந்து மேகத்தின் மேல் ஒரு பெரிய வெள்ளைத் துணியைப் போர்த்தச் சொன்னாள். துணி நிற்கவில்லை, மேகமே பெருந்தன்மையாகச் சுருங்கி ஓட்டுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது. மார்ச் மாதக் கடைசி வாரத்திலோ, வருஷத்து ஒதுக்கீட்டில் மிச்சம் வைத்தால் அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், பெய்யாமல் வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாகக் கொட்டித் தீர்க்க, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடி, பஞ்சத்தில் அடிபட்ட ஊரில் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ஒரே கோழி என்ற பெயரை ஆதிலட்சுமியின் சேவல் பெற்றது.

தெருவில் காளீஸ்வரியின் இடமும் மாறியது. முன்பெல்லாம் நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அவள் எதிரே வந்துவிட்டால் ஆதிலட்சுமி, எதையோ மறந்தவள்போல வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். இப்போது பேத்திக்குக் காது குத்தப் புறப்பட்ட அன்று, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வேனை நிறுத்தி, "காளி, சும்மா ஒரு நிமிஷம் எதிர வந்துட்டுப் போத்தா," என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெரிய மனுஷியான பெண்களுக்குத் தலைக்கு ஊற்ற முதல் சொம்பு அவள் வாசலிலிருந்து போனது. கவுன்சிலர் மாணிக்கவாசகம் வணக்கம் வைத்தார். இவ்வளவையும் பார்க்கக் காளீஸ்வரிக்குச் சில சமயம் சிரிப்பாக இருக்கும். சில சமயம், தீப்பெட்டிக்குள் குச்சி அடைத்துக்கொண்டிருக்கும்போது, எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து எண்ணுவாள்.

தெருவுக்குத் தண்ணி லாரி தேவைப்படவில்லை. ஆனாலும் லாரி வந்தது. கனிராஜ் மற்றத் தெருக்களுக்கு ஊற்றிவிட்டு, திரும்பிப் போகிற வழி என்று சொல்லி, அந்த வழியே இல்லாத பண்டகசாலைத் தெருவுக்குள் லாரியை வளைத்து ஓட்டிவந்து, அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு வாசலில் நிறுத்தி, ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்பான். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீருக்கு நிற்கிற அந்த மனிதனைப் பார்த்துத் தெரு வாயைப் பொத்திக்கொள்ளும்.

"உங்க லாரிக்கு என்ன, தெனமும் தாகம் எடுக்குது?" என்று ஒரு நாள் கேட்டாள் காளீஸ்வரி.

"லாரி நல்லாத்தான் இருக்கு," என்றான் கனிராஜ். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தான். "நிவேதாவுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணுமாம். என்கிட்ட சொன்னா."

"எங்ககிட்ட சைக்கிளே இல்லையே."

"அதையும் கேட்டா."

காளீஸ்வரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். மற்ற எல்லாருடைய கண்ணிலும் அவள் வீட்டு ஓடும் அதற்கு மேலே நிற்கிற மேகமும் தெரிந்துகொண்டிருந்த காலத்தில், இவன் மேலே பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க," என்றாள். "யோசிச்சு வைக்கிறேன்." யோசிக்க அவளுக்கு ஒரு மத்தியானம்கூடப் பிடிக்கவில்லை, மரியாதைக்காக இரண்டு நாள் காத்திருந்தாள்.

கல்யாணச் சேதி தெருவுக்குள் இறங்கியதும் தெரு திகைத்துப் போனது. அறுத்தவள் மறுபடி கட்டுவதா என்று பழைய பேச்சைப் பேசிப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் உண்மையான காரணம் எல்லாருடைய இடுப்பிலும் குடமாக உட்கார்ந்திருந்தது. விதவைக்கு வருகிற உதவி அவள் விதவையாக இருக்கிறவரைக்கும்தான். கல்யாணம் பண்ணினால் நின்றுபோகும். இது காளீஸ்வரிக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வாசலிலேயே கூடினார்கள். கவுன்சிலர் மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்மா. அதுல எங்களுக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா இந்த வருஷம் வேண்டாமேன்னு பாக்கோம். ஒரு நல்ல மழை பெஞ்சு கண்மாய் பெருகட்டும், நானே முன்ன நின்னு முடிச்சு வைக்கேன்."

"கண்மாய் எப்ப பெருகும் அண்ணாச்சி?"

கவுன்சிலர் வானத்தைப் பார்த்தார். அவள் வீட்டு மேகத்தைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

அப்போது ஆதிலட்சுமி ஒரு வழி சொன்னாள். யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை நேரம் இருந்தார், வாசலில் யார் செருப்புக் கிடந்தது என்பதையெல்லாம் ஆயுள் முழுக்கக் கண்காணித்து வந்த அதே ஆதிலட்சுமி குரலைத் தாழ்த்தி, "கல்யாணம்தானே கூடாதுங்குறான் கவர்மெண்ட்டு? அவரு பாட்டுக்கு வரட்டும், போகட்டும், இருக்கட்டும். நாங்க பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்துக்கிறோம். தேவைப்பட்டா தெருவுல யாரும் ஒரு வார்த்தை பேசாம நான் பாத்துக்கிறேன்," என்றாள். சுற்றி நின்ற பெண்கள், வயதானவர்கள்கூட, நியாயம்தான் என்று தலையை ஆட்டினார்கள்.

காளீஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கமாட்டாமல் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

அதற்குப் பிறகு தெரு அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கியது. மாவு அரைத்துக் கொடுத்தார்கள், விறகு உடைத்துப் போட்டார்கள், நிவேதாவுக்குத் தலை பின்னிவிடப் போட்டி போட்டார்கள். இவ்வளவு அன்புக்கு நடுவே அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. இறவாரத்தின் கீழே கைக்குழந்தைகளை நிறுத்திக் குளிப்பாட்டுகிற தாய்மார்களைப் பார்க்கும்போது மனசு பின்வாங்கும். சொம்பை வாங்கிக்கொண்டு மேலே பார்க்காமல் போகிற கனிராஜைப் பார்க்கும்போது முன்னே வரும். "நான் லாரித் தண்ணிய முதல்ல இந்தத் தெருவுக்கே ஊத்துறேன்," என்றான் அவன். "பத்தாதுதான். பத்தும்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்." அவன் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், சொல்லாததால்தான் அவன்மேல் இருந்த எண்ணம் உறுதியானது.

வியாபாரம் படுத்துப்போன தண்ணி லாரி முதலாளி ஒரு மொட்டை மனுப் போட்டிருக்க வேண்டும். வி.ஏ.ஓ. தமயந்தி விசாரணைக்கு வந்துவிட்டாள். மேகம் பெய்துகொண்டிருந்த நேரம், குடையைப் பிடித்துக்கொண்டு இறவாரத்துக்குக் கீழே நின்று கேட்டாள்: "பயனாளி மறுமணம் செய்யப் போறதாத் தகவல். உண்மையா?"

"இல்ல," என்றது தெரு. ஒரே குரலில், முன்கூட்டிப் பேசி வைத்ததுபோல. கவுன்சிலர் சொன்னார், ஆதிலட்சுமி சொன்னாள், பேச்சு வராத ஒரு கைக்குழந்தையின் தலையையும் அதன் தாய் பிடித்து ஆட்டினாள்.

"நான் அவங்களக் கேட்டேன்," என்றாள் தமயந்தி.

காளீஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். எல்லார் முகத்திலும் ஒரே கெஞ்சல். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. "நாலு வருஷம் நான் எதிர வந்தா ஆகாதுன்னீங்க," என்றாள் நிதானமாக. "இப்ப நான் இல்லாட்டி ஆகாதுங்கிறீங்க. ரெண்டுலயும் எனக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. அவரு ஒருத்தருதான் கேட்டாரு." பிறகு தமயந்தியிடம் திரும்பி, "ஆமா மேடம். பண்ணிக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை," என்றாள்.

ஒதுக்கீடு வருவதற்கு எத்தனையோ மாதம் ஆனது. ரத்தாவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தமயந்தி எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது மேகம் பெய்வதை நிறுத்தியது. கொடியில் காய்ந்த சேலையைப் பெண்கள் நுனியோடு நுனி சேர்த்து மடிப்பதுபோலத் தன்னைத்தானே மடித்துக்கொண்டது, தாலுகா ஆபீஸ் இருக்கிற கிழக்குத் திசையில் அவசரமில்லாமல் போய் மறைந்தது. ஓட்டிலிருந்து கடைசியாக வழிந்த தண்ணீருக்கு யாரும் குடத்தை நீட்டவில்லை.

அப்படியே எல்லாமும் போய்விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்த நிவேதாவின் தலைக்கு மேலே ஒரு தலையணை அளவுக்கு மேகம் மிச்சமிருந்தது. நிவேதா எழுந்து தெருமுனை வரைக்கும் நடந்து பார்த்தாள். மேகமும் கூடவே போனது.

"அது பிள்ளையோட பங்கு," என்றாள் தமயந்தி, காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு. "அம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அவளுக்கு அப்பா இறந்தது இறந்ததுதானே. பதினெட்டு வயசு வரைக்கும் உண்டு." அவள் அதை விதியைப் படிக்கிற குரலில்தான் சொன்னாள், கேட்ட காளீஸ்வரி மட்டும் மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. தெருவிலிருந்து யாரும் வருவதாக இல்லை. கொத்தமல்லி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஆதிலட்சுமி மட்டும் செருப்புகள் கிடக்கிற இடத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றாள். தாலி ஏறியதும் உள்ளே வந்து, மடியில் மறைத்து வைத்திருந்த மல்லிகைப் பூவைக் காளீஸ்வரியின் தலையில் வைத்துவிட்டாள். "கோவந்தான் எனக்கு," என்றாள். "இல்லன்னு நெனச்சுக்காத."

"தெரியும் மதினி," என்றாள் காளீஸ்வரி.

தெரு பத்து நாள் முறைத்துக்கொண்டிருந்தது. கனிராஜ் சொன்னபடியே லாரியை முதலில் அங்கே கொண்டுவந்தான், சொன்னபடியே பத்தவும் இல்லை. நிவேதாவின் மேகம் பிள்ளையின் பங்கு என்பதால் ஆபீஸ் நேரத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட நேரத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் பையை மாட்டியதும் தூறத் தொடங்கியது. குடையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து போனால் சில நிமிஷத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடும். அவள் நேராகப் போகவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, இந்தப் பக்கத்து வாசலில் கொஞ்ச நேரம், அந்தப் பக்கத்து வாசலில் கொஞ்ச நேரம் என்று தெருவைத் தைத்துக்கொண்டே போனாள். முறைத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் ஒரு சொம்பை வெளியே வைத்தார்கள், பிறகு ஒரு குடத்தை வைத்தார்கள், பிறகு தாங்களே வந்து நின்று, "போதும் தாயி, அடுத்த வீட்டுக்குப் போ, மணியாச்சு," என்று சொல்லும் அளவுக்கு இறங்கி வந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு குடத்துக்கு மேல் தேறவில்லை; ஆனால் முதல் வீடு, கடைசி வீடு என்று எதுவும் இல்லை. தினமும் தாமதமாக வருகிறாள் என்று வகுப்பு டீச்சர் இரண்டு தடவை எழுதி அனுப்பிவிட்டு, மூன்றாவது தடவை அவளை ஜன்னலோரமாக உட்காரவைத்து மேகத்தை வெளியே நிற்கப் பழக்கி, ஜன்னலுக்குக் கீழே நாலு முருங்கைக் கன்று ஊன்றினாள்.

தெரு பழையபடி கணக்குப் போட ஆரம்பித்தது. ஒரு நாள் கவுன்சிலர் மாணிக்கவாசகம் காளீஸ்வரியைத் தேடி வந்தார். "பாப்பாவுக்கு இப்ப எட்டு வயசு," என்றார். "பதினெட்டு ஆனா நின்னுரும். பள்ளிக்கூடத்துல சொல்லி வயச ஒரு நாலஞ்சு குறைச்சுப் போட்டுக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுல்லா?"

காளீஸ்வரி அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "எதுக்கு அண்ணாச்சி வயசக் குறைக்கணும்? முழுசாப் பத்து வருஷம் இருக்கு. அதுக்குள்ள குழாயில தண்ணி வர்றதுக்கு ஒரு வழியப் பாருங்க."

அது அவ்வளவு சாதாரணமான பேச்சாக இருந்ததால், இத்தனை காலம் அது யாருக்கும் தோன்றாமல் போனதை நினைத்துக் கவுன்சிலருக்கே வெட்கமாக இருந்தது. மதில்மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்த ஆதிலட்சுமிக்கு வெட்கமெல்லாம் வரவில்லை, ஆவேசம்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் பண்டகசாலைத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு நகராட்சி ஆபீஸுக்குப் புறப்பட்டார்கள். நானும் வருவேன் என்று நிவேதா பிடிவாதம் பிடித்தாள். மேகம் கூட வந்தால் அதிகாரிக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்று கவுன்சிலரும் சொன்னார். "அவ பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்," என்றாள் காளீஸ்வரி. ஒரு பக்கச் சடையை எப்படியோ பின்னி முடித்து மறுபக்கத்தில் சிக்கிக்கொண்டு விழித்த கனிராஜிடம் மகளை விட்டுவிட்டு, தானும் ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் நடந்தாள். வழியில் பக்கத்துத் தெருக்காரர்களும், அவர்களைப் பார்த்து அதற்கடுத்த தெருக்காரர்களும் சேர்ந்துகொள்ள, நகராட்சி ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேரும்போது எங்கே பார்த்தாலும் குடமாக இருந்தது.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். வந்தவர், இப்போதெல்லாம் அந்த ஊரில் எல்லாரும் செய்வதுபோல, முதலில் அவர்களுடைய தலைக்கு மேலே பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெயில். ஒதுக்கீடு எதுவும் தெரிகிறதா என்று கொஞ்ச நேரம் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல், கீழே நின்றுகொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார்.